முடிச்சுக்குக் கீழே

அந்தக் குழாயைத் திறக்காதேங்கோ, தங்கச்சி. ஷவர்தான், தெரியும். வடிவான ஷவர். யாழ்ப்பாணத்தில் வாங்கி, லோஞ்சுப் படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பார்க்கலாம், துடைக்கலாம், திறக்க மட்டும் கூடாது. ஏனென்று சொல்கிறேன். முதலில் வெளியே வந்து இந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ.

எப்படி இருக்கிறது? நல்லாயிருக்கிறதோ? ம்... வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் அவர் கடற்கரைக்குப் போய்விட்டாரா? தொப்பி போட்டுக்கொண்டு போனாரோ? கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வெயில் விளங்காது. காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. பொழுதுபட்ட பிறகு முதுகு எரியும், அப்போதுதான் தெரியும். இந்தத் தீவுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அதுதான். காலையில் சுற்றிப் பாருங்கோ. வெயில் ஏறினால் நிழலில் இருங்கோ. சைக்கிள் போதும், இங்கே இருக்கிற தூரத்துக்கு வேறு வாகனம் தேவையில்லை. கடலில் இறங்கும்போதும் செருப்பைக் கழற்றாதேங்கோ. மணல் தெரிகிற இடத்தில் மட்டும் கால் வையுங்கோ. முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, அதற்கு உயிர் இருக்கிறது, மிதித்தால் செத்துப்போகும். அது நம்மை வெட்டினால் காயமும் கெதியில் ஆறாது. இரண்டு பேருக்கும் நட்டம்.

ஐயோ, அந்த மதிலில் சாயாதேங்கோ!

பயந்துவிட்டீர்களா? சாந்து பூசாத மதில், தங்கச்சி. கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது, அவ்வளவுதான். காற்று உள்ளே புகுந்து போகும், அதனால் எந்தப் புயலுக்கும் விழாது. ஆனால் படம் எடுக்க ஏறுகிறவர்களுக்கு விழும். தீவில் எந்த மதிலிலும் ஏறாதேங்கோ, சாயாதேங்கோ. அதுவும் இந்த மதிலில் வேண்டவே வேண்டாம். ஒரு கல் விழுந்தால் அந்தப் பக்கம் விழும். அந்தப் பக்கம் அவள் வீடு.

எவளா? படலையில் செம்பருத்தி நிற்கிற வீடு, வரும்போது பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையா? நல்லது.

பெயர் சுகிர்தா. என் தம்பி கேதீசின் பெண்சாதி. அவளும் வீட்டில் ஆட்களைத் தங்க வைக்கிறாள். வைக்கட்டும். நான் யாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் இல்லை. ஆனால் இந்தத் தீவில் முதன்முதலாக வெளியாட்களுக்கு அறை கொடுத்தது நான்தான், அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கோ. நான் தொடங்கிய பிறகுதான் அவள் தொடங்கினாள். நான் ஆட்களுக்குப் பூப்போட்ட பீங்கான் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு கொடுத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பனையோலையில் முடைந்த தட்டுவத்தில் கொடுத்தாள். கூழையும் மடித்த ஓலையில் ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிந்ததும் அதை மாடு தின்றுவிடும். கழுவுகிற வேலை மிச்சம், கள்ளிக்கு! அதைப் போய்ச் சனம் படம் எடுக்கிறது. என் கோப்பையை இன்றுவரை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

போத்தல் விசயமும் அப்படித்தான். நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் போத்தல்களை இங்கே போட்டுவிட்டுப் போகக் கூடாது, திரும்பிப் போகும்போது கொண்டுபோக வேண்டும். இங்கே அவற்றைப் போட இடமில்லை. எரித்தால் புகை, எறிந்தால் கடல். இதை நான் எப்போதோ மனதில் நினைத்துவிட்டேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் திரும்பிப் போகிற போத்தல்களுக்கு இறங்குதுறையில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள். உடனே "சுகிர்தாவின்ர சாக்கு" என்று பெயர் வந்துவிட்டது. லோஞ்ச்காரன்கூட அப்படித்தான் சொல்கிறான். ஒரு சாக்குக்கு இவ்வளவு பேரா?

சங்கு, சிப்பி, கல் ஒன்றும் பொறுக்கிக்கொண்டு போகாதேங்கோ. சங்குக்குள் நண்டு குடியிருக்கும். ஒருமுறை ஒரு அம்மா பெரிய சங்கு ஒன்றைப் பைக்குள் வைத்துவிட்டார். அவள் வீட்டு ஆள்தான். இவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "அன்ரி, வாங்கோ, இதைப் போய் வீட்டில விட்டிட்டு வருவம்" என்று சிரித்துக்கொண்டே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வைக்கச் செய்தாள். அந்த அம்மா கோபப்படவில்லை. இவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனார். நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான் ஒருவரிடம் சொன்னேன். "உங்கட சங்கோ?" என்று கேட்டார்.

கோயிலுக்குப் போனால் தோளையும் காலையும் மூடிக்கொண்டு போங்கோ. கருவாடு காயப்போடுகிற பெண்களைப் படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கோ. கேட்டால் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், கேட்காவிட்டால் ஏச்சு விழும். முகத்தில் கிறீம் பூசிக்கொண்டு கடற்குட்டைகளில் இறங்காதேங்கோ. கடைசி லோஞ்சை நம்பி நிற்காதேங்கோ, காற்று எழும்பினால் அது வராது. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்த பெரிய விசயம் தண்ணீர்.

இந்தத் தீவில் ஆறு இல்லை, குளம் என்று சொல்ல ஒன்று இல்லை. கிணறுதான் எல்லாம். அதிலும் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லா வீட்டு வளவிலும் அமையாது. என் வளவில் அமைந்தது. அப்பா இந்த நிலத்தைப் பிரித்தபோது கிணற்றோடு இருக்கிற பங்கு எனக்குச் சீதனமாக வந்தது. தம்பிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம். அவன் பிறகு அங்கே ஒரு கிணறு வெட்டினான். சின்னக் கிணறு, எட்டிப் பார்த்தால் உங்கள் முகமும் தெரியாது.

கிணற்றுக் கயிற்றில் ஒரு முடிச்சு இருக்கும். தீவில் எந்தக் கிணற்றுக் கயிற்றிலும் பார்க்கலாம். வாளியை இறக்கிக்கொண்டே போகும்போது அந்த முடிச்சு கைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் கயிறு விடக் கூடாது. வாளியில் தண்ணீர் ஏறினால் சரி. ஏறவில்லையென்றால் அன்றைக்கு அந்தக் கிணறு அவ்வளவுதான், முடிச்சு வந்துவிட்டது என்போம். வெறும் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போக வேண்டும். முடிச்சு வந்துவிட்டது என்று வருகிறவருக்கு யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது. சண்டைக்காரராக இருந்தாலும் கொடுக்க வேண்டும். அதுதான் இங்கே முறை.

சோளகக் காற்று, அதுதான் மழையில்லாத காலத்துத் தென்மேற்குக் காற்று, தொடங்கினால் சுகிர்தாவின் கிணற்றில் முடிச்சு வந்துவிடும். குடத்தோடு என் படலைக்கு வருவாள். "மச்சாள், முடிச்சு வந்திட்டுது" என்பாள். நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. "கொஞ்சம் நில்லும், இந்த உடுப்பைத் தோய்ச்சு முடிக்கிறன்" என்பேன். நிற்பாள். சிலவேளை உடுப்பு நிறைய இருக்கும். சிலவேளை தோய்த்ததையே திரும்பத் தோய்ப்பேன், எனக்கு வெளுப்பு முக்கியம். அவள் அந்த வேப்பமரத்தடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று ஊர்க்கதை சொல்வாள். அந்த வேளைகளில் அவள் நல்ல பிள்ளை.

பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு சோடி அவள் வீட்டில் தங்கிவிட்டுப் போகும்போது என் படலையில் நின்று சொன்னது, "அக்கா, பக்கத்து வீட்டில கிணத்தடியில நாங்களே அள்ளிக் குளிச்சம். அப்பிடி ஒரு குளிப்பு வாழ்க்கையில குளிக்கேல்லை." கேளுங்கோ கதையை! கிணற்றடியில் குளிப்பது ஒரு அதிசயமா? தீவு முழுக்க அப்படித்தான் குளிக்கிறது. என் கிணறு அவள் கிணற்றைவிடப் பெரிது. என் கிணற்றில் குளித்தவர்கள் ஒருவராவது அப்படிச் சொன்னதுண்டா?

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை இல்லை, வயிறு சரியில்லை. அடுத்தநாளே இவரிடம், அதுதான் என் வீட்டுக்காரரிடம், சொல்லிவிட்டேன். எனக்கு மோட்டர் வேண்டும், கூரைமேல் தண்ணீர்த் தாங்கி வேண்டும், அறைக்குள் ஷவர் வேண்டும் என்று.

இவர் அதிகம் கதைக்க மாட்டார். கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அரசி, உந்த முடிச்சை என்ன செய்யப் போறீர்?" என்றார்.

"மோட்டருக்கு ஏதப்பா முடிச்சு?" என்றேன்.

நல்ல பதில் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாரே.

மோட்டர் வந்தது. தங்கச்சி, அந்தச் சத்தம் இருக்கிறதே, முதல் தரம் போட்டபோது மதிலுக்கு அந்தப் பக்கம் கோழியெல்லாம் ஓடியது. ஆட்கள் வந்தார்கள். "தீவில ஷவரோ!" என்று ஆச்சரியப்பட்டார்கள். காலையில் ஒரு குளிப்பு, கடலிலிருந்து வந்து ஒரு குளிப்பு, படுக்க முன் ஒரு குளிப்பு. நானும் குரோட்டன் கன்றுகள் வைத்தேன். முற்றத்தையும் கழுவினேன். மணல் முற்றத்தை ஏன் கழுவுகிறாய் என்று இவர் கேட்டார். தூசி அடங்கட்டும் என்றேன். சுகிர்தா கிணற்றடியில் நிற்கிற நேரத்தில்தான் பெரும்பாலும் மோட்டரைப் போடுவேன். எனக்கு அப்போதுதான் கை ஓய்வாக இருக்கும்.

சோளகம் தொடங்கிய கிழமை அவள் வந்தாள். குடம் கொண்டுவரவில்லை. கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"மச்சாள், ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?"

"சொல்லும்."

"எங்கட கிணத்தில முடிச்சு வரப் பார்க்குது. உங்கட கிணத்தையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ. மோட்டரை விட்டு விட்டுப் போட்டால் போதும்."

"ஏன் சுகிர்தா, சத்தம் இடைஞ்சலா இருக்குதோ?"

"சத்தத்துக்கில்லை மச்சாள்..."

"உமக்கும் ஒண்டு பூட்டித்தரச் சொல்லித் தம்பியிட்டச் சொல்லட்டோ?"

சிரித்தாள். "ஐயோ, எங்கட கிணறு தாங்காது" என்றாள். சொல்லிவிட்டு நேரே போனாளா? இல்லை. என் கிணற்றுக் கட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். நான் என் கண்ணால் கண்டேன்.

அவளுக்கு எரிச்சல். வேறு என்ன? நான் அன்றைக்கு மாலை மோட்டரைக் கூடுதலாக ஓடவிட்டேன். குரோட்டனுக்கு வாட்டம் வந்ததுபோல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கோ. ஒருநாள் காலையில் இவர் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு, "சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டீரோ?" என்று கேட்டார். உங்களுக்கு நாக்குச் சரியில்லை என்றேன். பிறகு நானும் குடித்துப் பார்த்தேன். குரோட்டன் இலையெல்லாம் ஓரத்தில் கருகத் தொடங்கியது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. தலைமயிர் கயிறுபோல ஆனது. அப்பா காலத்திலிருந்து தேன்போல இருந்த கிணறு, தங்கச்சி. அள்ளி வாயில் வைத்தால் கடல்.

கண்ணூறு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த எட்டிப் பார்த்த பார்வையும் அந்தப் பெருமூச்சும்! செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி வந்தேன். இவர் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "உப்புக் கிணத்துக்கு இன்னும் உப்போ?" என்றார். சிரிப்பு வேறு. அதை அடுப்பில் போட்டபோது மிளகாய் நெடி எழும்பவே இல்லை. நெடி எழும்பாவிட்டால் கண்ணூறுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

தம்பி கேதீசும் வந்தான். ஒரு கிண்ணத்தில் எண்ணெயையும் தண்ணீரையும் விட்டு எனக்குக் காட்டினான். "அக்கா, இந்தத் தீவுக்குக் கீழ இருக்கிறது கடல். எங்கட நல்ல தண்ணி அதுக்கு மேல இப்பிடித்தான் மிதக்குது. மெல்ல அள்ளினால் மேலால வரும். மோட்டர் போட்டு இழுத்தால் கீழ இருக்கிற உப்பு எழும்பி வரும். அதுக்குத்தானே அப்பா முடிச்சுப் போட்டவர்?"

பாருங்கோ, கலியாணம் முடிக்க முன் இவனுக்கு இப்படியெல்லாம் கதைக்கத் தெரியாது. எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒரே நிலம். நடுவில ஒரு மதில். என்ர கிணறு உப்பு, அவளின்ர கிணறு தேன். அது எப்பிடி?"

"அவள் வாளியால அள்ளுறாள், அக்கா."

சரியான பெண்சாதிதாசன்.

ஆவணி விடுமுறைக்கு ஒரு குடும்பம் வந்து இந்த அறையில்தான் தங்கியது. ஷவரைத் திறந்தார்கள். பிள்ளைக்குக் கண் எரிந்து அழுகை. தகப்பன் நல்ல மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. "அக்கா, குறை நினைக்காதேங்கோ" என்றார். பையையெல்லாம் தூக்கிக்கொண்டார்கள். என் படலையால் வந்தவர்கள் அவள் படலையால் உள்ளே போனார்கள். அன்று பின்னேரம் முழுவதும் அந்தப் பிள்ளை மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீரை அடித்துச் சிரித்து விளையாடுகிற சத்தம். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு சிரிப்பு. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்தினாலும் கேட்டது.

அதற்குப் பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, இந்த அறையில் தங்க வந்திருப்பது நீங்கள்தான்.

மோட்டரைக் கழற்றிவிட்டீர்களா என்று கேட்கிறீர்களா? ஏன் கழற்ற வேண்டும்? கழற்றினால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடும். கிணற்றைச் சும்மா விட்டால் சில மாரிமழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் திரும்பி வருமாம், தம்பி சொல்கிறான். ஒரு மாரி போய்விட்டது, வரவில்லை. உப்பு இறங்கிவிட்டதா என்று பார்க்க நான் இடைக்கிடை மோட்டரைப் போட்டுப் பார்க்கிறேன். கொஞ்சநேரம்தான். மோட்டரும் துருப்பிடிக்கக் கூடாது, மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்க வேண்டும்.

தேத்தண்ணி முடிந்துவிட்டதோ? இன்னும் கொஞ்சம் விடட்டுமா?

...அது அவள் கிணற்றுத் தண்ணீர்.

முகத்தை அப்படி வைக்காதேங்கோ. நான் கேட்கவில்லை. முறைப்படி நான் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் படலைக்குப் போய் "முடிச்சு வந்திட்டுது" என்று சொல்ல வேண்டும். நான் போவேனா? செத்தாலும் போக மாட்டேன். தீவில் கடை இருக்கிறது, போத்தல் தண்ணீர் இருக்கிறது. ஆனால் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் இந்த மதில்மேல் ஒரு குடம். நிறைகுடம். மூடி வைத்து, மூடிமேல் காகம் தட்டாமல் ஒரு கல்லும் வைத்திருக்கிறது. அடுத்தநாளும் குடம். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை.

கூப்பிட்டுத் தந்தால் என்ன? "மச்சாள்" என்று ஒரு குரல் கொடுத்தால் என்ன? நான் வேண்டாமென்று சொல்லியிருப்பேன். அதற்குத்தான் கூப்பிடுவதில்லை. எவ்வளவு கெட்டித்தனம், பாருங்கோ. நான் அதைக் குடிப்பதில்லை. வருகிற ஆட்களுக்குத்தான். ஆட்கள் வராத காலத்தில் இவருக்கு. இவர் குடிக்கும்போது பக்கத்தில் இருந்தால் நானும் ஒரு வாய்.

இப்போது உங்கள் குளிப்புக்கு வருவோம். வெயிலில் வந்திருக்கிறீர்கள், உப்புத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையில் போத்தல் வாங்கிக் குளிக்கவும் முடியாது. நீங்கள் அங்கேதான் போக வேண்டும். படலையில் செம்பருத்தி நிற்கும். தட்டத் தேவையில்லை, அவள் படலை பூட்டுவதில்லை.

வாளியை மெல்ல இறக்குங்கோ, தொபுக்கென்று போடாதேங்கோ. சவர்க்காரத் தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பிப் போகக் கூடாது. கல்லில் தள்ளி நின்று குளியுங்கோ, அது வாழைக்குப் போகும். தலைக்கு இவ்வளவு போதும், உடம்புக்கு இவ்வளவு போதும் என்று அளவோடு அள்ளுங்கோ. முடிச்சு கைக்கு வந்தால் நிற்பாட்டிவிடுங்கோ.

வந்ததா இல்லையா என்று வந்து எனக்குச் சொல்லுங்கோ. சும்மாதான் கேட்கிறேன். சோளகம் தொடங்கி இவ்வளவு நாளாகிவிட்டது. சின்னக் கிணறு. அவளும் குடிக்க வேண்டும், அவள் ஆட்களும் குளிக்க வேண்டும், இங்கேயும் ஒரு குடம் தினமும் வருகிறது. முடிச்சு வந்துவிட்டால் அவள் எங்கே போவாள்? முந்தி என்றால் என்னிடம் வருவாள். அந்த வேப்பமரத்தடியில் வந்து நிற்பாள்...

இப்போது அவளுக்கு அடுத்த கிணறு கோயிலடியில்தான். அவ்வளவு தூரம் இந்த வெயிலில் குடத்தோடு நடக்க வேண்டும்.

நடக்கட்டும். எனக்கென்ன?

சரி, எழும்புங்கோ. துவாயையும் மாற்றுடுப்பையும் மட்டும் எடுங்கோ. மற்றப் பை இங்கேயே இருக்கட்டும். இல்லை, இல்லை, பையை இப்படித் தாருங்கோ, நான் அறைக்குள் வைத்துப் பூட்டுகிறேன். குளித்து முடிந்ததும் அவள் கூழ் குடிக்கச் சொல்வாள். குடியுங்கோ, நல்லாயிருக்கும். ஆனால் பை இங்கே இருக்கிறது என்பதை மறக்காதேங்கோ.

கொஞ்சம் பொறுங்கோ. இந்தக் குடத்தையும் கொண்டுபோங்கோ, காலையில் வந்தது, முடிந்துவிட்டது. வரும்போது நிரப்பிக்கொண்டு வாருங்கோ. முடிச்சு வந்திருந்தால் வேண்டாம், வெறுங்குடமாகவே கொண்டுவாருங்கோ. யார் தந்துவிட்டது என்று கேட்டால் உங்களுக்குத்தான் தாகம் என்று சொல்லுங்கோ.

அது அவளுடைய குடம்தான், தங்கச்சி. பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆனாலும் நான் தந்தேன் என்று சொல்லாதேங்கோ.